படலையடியில் காலைத் தூக்கும் காவற்காரன்

2012ஆம் ஆண்டு மார்கழி மாதம். பாடசாலைச் சீருடைத் துணிகள் வீட்டில் மலைபோல் குவியும் காலம். தை பிறந்து பாடசாலை தொடங்குவதற்குள் எல்லாவற்றையும் தைத்து முடித்துவிட வேண்டும். வீட்டிலிருந்து தைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு வருடத்தில் அந்த நாலைந்து கிழமைதான் அறுவடைக் காலம். ஒருநாள் விடிய எழுந்து விளக்கைக் கொளுத்திப் பார்க்கிறேன், மெசினடியில் அடுக்கியிருந்த வெள்ளைத் துணிக் கட்டுகளில் மூன்று ஒரு பக்கமாக மஞ்சளாய் நனைந்து கிடக்கின்றன. யாருடைய வேலை என்பதை மணமே சொல்லிவிட்டது. எங்கள் ஜிம்மி விறாந்தை மூலையில் படுத்தபடி, ஒன்றும் அறியாதவன்போல் வாலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

அந்த மூன்று கட்டும் மூன்று வீட்டுக்குரியவை. அரசாங்கம் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த துணி. அதில் ஒன்று, மா இடித்து விற்று நாலு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாயுடையது. தோய்த்தேன், வெயிலில் போட்டேன், திரும்பவும் தோய்த்தேன். இரண்டு கட்டுத் தப்பியது. மற்றதில் கறை போகவில்லை. கையிலிருந்த காசில் புதுத் துணி வாங்கித் தைத்துக் கொடுத்தேன். ஆனால் கதை அதற்கு முதலே ஊருக்குள் போய்விட்டது. "அவவிட்டைத் தைக்கக் குடுத்தால் சட்டையிலை நாய்ச்சலம் மணக்கும்" என்று யாரோ சொன்னார்களாம். அடுத்த கிழமை வருவதாகச் சொல்லியிருந்த ஐந்து வீட்டார் வரவேயில்லை.

மாமி ஒரே முடிவாகச் சொன்னா. "உந்த நாயைச் சாக்குக்குள்ளை போட்டுக் குளத்துக்கு அங்காலை விட்டிட்டு வா பிள்ளை. சோறும் தின்னுறான், சோத்துக்கு வழியையும் கெடுக்கிறான்."

நான் விடவில்லை. ஜிம்மியில் அளவுகடந்த பாசம் என்று சொல்ல வரவில்லை. நாங்கள் 2010இல் மீளக் குடியேறியபோது எங்களுக்கு இருந்தது தறப்பாள் கொட்டில். அதற்குப் பிறகு வந்ததும் கதவுக்குப் பூட்டில்லாத அரைகுறை வீடு. உள்ளே நான், பெண்பிள்ளைகள் இருவர், கண் தெரியாத மாமி. இவர்களின் தகப்பன் 2009இல் காணாமற் போனவர். ஆண் துணையில்லாத வீடு என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியக்கூடாத ஆட்களுக்கும் தெரியும். இரண்டு இரவுகள் வேலியடியில் ஆள் நடமாட்டம் இருந்தது. இரண்டு முறையும் ஜிம்மி குரைத்த குரைப்பில் ஓடிவிட்டார்கள். 2011இல் குட்டியாக வந்து சேர்ந்தவன் ஒரு வருடத்துக்குள் எங்கள் பூட்டாகிவிட்டான். பூட்டைக் கழற்றிக் குளத்தில் எறியலாமா?

அதனால் அடித்தேன். சலம் விட்ட இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் மூக்கைத் தேய்த்து, பூவரசந் தடியால் விளாசினேன். அடுத்தநாள் மெசின் காலிலேயே அடித்து விட்டிருந்தான். திரும்பவும் தடியை எடுத்தேன். அப்போது என் சின்னவள் குறுக்கே வந்து நின்றாள். ஒன்பது வயது. முகாமிலிருந்து வந்த பிறகும் ஒன்றரை வருடம் இரவில் பாயை நனைத்துக்கொண்டிருந்தவள். வைத்தியர் சொன்னபடி ஏசாமல், அடிக்காமல், பாயை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுத்தான் அதிலிருந்து அவளை மீட்டோம்.

"அம்மா, அவனுக்கு அடிக்காதைங்கோ. எனக்கு நீங்கள் அடிக்கேல்லைத்தானே" என்றாள்.

தடியைப் போட்டுவிட்டேன். பிள்ளையின் பயமும் நாயின் பழக்கமும் ஒன்றல்ல என்பதைப் பிறகுதான் படித்தேன். ஆனாலும் அன்று அவள் சொன்னது சரி.

விசர்நாய்த் தடுப்பூசி போட ஊருக்கு வந்திருந்த குழுவில் ஓர் இளம் பெண் மிருக வைத்தியர் இருந்தார். "மிஸ், ஊசியோடை சேர்த்து இவன்ர சலத்துக்கும் ஒரு மருந்து தாங்கோ" என்றேன். சிரித்தார். ஆனால் சிரித்ததோடு விடவில்லை. வரிசை குறைந்த பிறகு வேப்பமர நிழலில் என்னை இருத்தி, அரை மணித்தியாலம் கதைத்தார். அவர் சொன்னவற்றையும் அதற்குப் பிறகு நான் பட்டு அறிந்தவற்றையும்தான் இங்கே எழுதுகிறேன். கடுவன் நாய் வளர்க்கும் சகோதரிகள் நம்மில் நிறையப் பேர். காரணமும் பெரும்பாலும் என் காரணந்தான்.

அவர் முதலில் என்னிடம் கேட்டது, "அக்கா, நிறைய விடுறவனோ, கொஞ்சமாய் விடுறவனோ? நிலத்திலையோ, நிமிர்ந்து நிற்கிற சாமானிலையோ?" என்பது. நான் அதை அவதானித்ததே இல்லை. யோசித்துப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் கொஞ்சந்தான். மெசின் கால், கதவுநிலை, துணிக்கட்டு, சைக்கிள் சில்லு, படலைக் கதியால். எல்லாம் நிமிர்ந்து நிற்கும் பொருள்கள். அப்படியென்றால் அது அடக்க முடியாமல் விடும் சலம் அல்ல. எல்லை குறிக்கும் சலம். எங்கள் மூக்கில் மணத்தை உணரும் கலங்கள் 50, 60 இலட்சம் என்றால் நாயின் மூக்கில் அவை 20 கோடிக்கு மேல். ஒரு சொட்டுச் சலம் அதற்கு ஒரு கடிதம் மாதிரி. விட்டது கடுவனா பெட்டையா, எவ்வளவு நேரத்துக்கு முன் வந்தது, பெட்டை கோடைக்கு நிற்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். படித்த நாய் பதில் எழுதாமல் போவதில்லை. காலைத் தூக்குவதும் அதற்காகத்தான். மற்ற நாயின் மூக்கு உயரத்தில் மணம் நிற்க வேண்டும். ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில், ஆண் ஓமோன் கூடும்போது, பெரும்பாலான கடுவன்கள் இதைத் தொடங்குகின்றன. பெட்டைகளிலும் சில செய்யும்.

"அப்ப ஏன் என்ர மெசினடியைப் பிடிச்சவன்?" என்று கேட்டேன்.

"அந்தத் துணி எத்தினை வீட்டிலை இருந்து வருது அக்கா? அந்த வீடுகளிலை நாய் இல்லையோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இருபது வீட்டுத் துணி, இருபது வீட்டு நாயின் மணத்தோடு, அவன் காவல் காக்கும் விறாந்தையில் வந்து குந்தியிருக்கிறது. அவனைப் பொறுத்தவரை அது இருபது அந்நியர் வீட்டுக்குள் புகுந்த மாதிரி. புதுப் பாய், புதுச் சாக்கு, விருந்தாளியின் பை, பாதணி எல்லாவற்றிலும் இவர்கள் காலைத் தூக்குவதற்கு இதுதான் காரணம். எங்கள் மேல் கோபத்தில் செய்வதில்லை. நான் அதுவரை அவன் என்னைப் பழிவாங்குகிறான் என்றே நம்பியிருந்தேன்.

அடிப்பது ஏன் பலிக்காது என்பதையும் சொன்னார். செய்து முடித்துச் சிறிது நேரம் போன பிறகு அடித்தால், எதற்கு அடிவிழுகிறது என்று நாய்க்குத் தெரியாது. உங்களைக் கண்டால் பயப்பட மட்டும் பழகும். பயந்த நாய் ஒளித்துப் போய் விடும், சில வேளை பதற்றத்தில் இன்னும் கூட விடும். காலைத் தூக்கும் அந்த நொடியில் கையைத் தட்டி, அதட்டாமல் வெளியே கூட்டிக்கொண்டு போய், வெளியே விட்டதும் நல்ல சொல் சொல்லி ஒரு துண்டு ரொட்டி கொடுப்பதே வழி. தையல் வேலைக்கு நடுவில் இதற்கெல்லாம் எங்கே நேரம் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். பிள்ளைகள்தான் செய்தார்கள்.

இதில் ஒரு விடயத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். இதுவரை ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று அடிக்கடி சொட்டுச் சொட்டாக விட்டால், முக்கினால், சலத்தில் இரத்தம் தெரிந்தால், அது எல்லை குறிப்பதல்ல. சலப்பையில் கிருமியோ கல்லோ இருக்கலாம். கடுவன் நாய்க்குக் கல் அடைத்துச் சலம் முற்றாக நின்றுபோனால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு போகவேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். அதிகமாகத் தண்ணீர் குடித்து அதிகமாக விடுவதும் நோய்க்குறிதான். ஆளைக் கண்டதும் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, படுத்தபடி சலம் விடும் நாய் பயத்தில் விடுகிறது. வெடிச் சத்தத்துக்கும் சில நாய்கள் அப்படிச் செய்யும். அதை அதட்டவே கூடாது.

இனிக் கழுவும் விதம். நான் செய்த பெரிய பிழை இங்கேதான் இருந்தது. எங்கள் விறாந்தை அப்போது சாணி மெழுகிய மண் நிலம். நான் மேலே தண்ணீரை ஊற்றிக் கூட்டிவிட்டேன். சலம் இன்னும் கீழேதான் இறங்கியது. எங்களுக்கு மணம் போய்விட்டது, அவனுக்குப் போகவில்லை. மணம் இருக்கும்வரை அதே இடத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பான். மண் நிலமென்றால் நனைந்த மண்ணை இரண்டு மூன்று அங்குலம் சுரண்டி எடுத்து, வளவுக்கு வெளியே எறிந்துவிட்டு, புதுமண் போட்டு மெழுக வேண்டும். சீமெந்து நிலம், மேசைக்கால், கதவுநிலை என்றால் முதலில் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, பிறகு வினாகிரி ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு கலந்து நன்றாக நனைத்துக் காயவிட வேண்டும். காய்ந்த பின் அப்பச்சோடாவைத் தூவி, சில மணித்தியாலம் விட்டுக் கூட்டினால் மிச்ச மணமும் குறையும். அமோனியா சேர்ந்த கழுவும் திரவங்கள் வேண்டாம். அதன் மணம் சலத்தின் மணத்தைப்போல இருப்பதால் நாயை அழைத்துக் கொடுக்கும். குளோரினையும் வினாகிரியையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். அதிலிருந்து வரும் வாயு நெஞ்சை அடைக்கும்.

கழுவும்போது கையில் ஒரு சொப்பிங் பையையாவது மாட்டிக்கொண்டு, பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சலத்தில் மட்டுமல்ல, நாயின் சலத்திலும் வரக்கூடும். காலில் புண் உள்ள பிள்ளைகளை அந்த இடத்தில் விடவேண்டாம்.

ஊரார் சொன்ன கைவைத்தியங்களையும் நான் விட்டுவைக்கவில்லை. நீலம் கரைத்த தண்ணீரைப் போத்தலில் நிரப்பிப் படலையில் கட்டினேன். ஜிம்மி அந்தப் போத்தலிலேயே அடித்துவிட்டுப் போனான். மிளகாய்த்தூள் தூவினேன், சின்னவளின் கண்தான் எரிந்தது. பூச்சி உருண்டையும் பழைய எஞ்சின் எண்ணெயும் நாய்க்கு நஞ்சு என்று மிஸ் சொன்னபடியால் அந்தப் பக்கம் போகவில்லை.

எனக்கு உண்மையில் கைகொடுத்தவை வேறு. துணிக்கட்டுகளை நிலத்தில் வைப்பதை நிறுத்தி, சுவரில் பலகைத் தட்டு அடித்து இடுப்புக்கு மேலே ஏற்றினேன். வந்த துணி உடனே மூடி போட்ட பிளாஸ்ரிக் வாளிக்குள் போனது. அவனுடைய சாக்கையும் சோற்றுக் கோப்பையையும் மெசினடிக்கு மாற்றினேன். நாய் தான் படுத்துச் சாப்பிடும் இடத்தில் பொதுவாகச் சலம் விடாது. இது மிக எளிய வேலை. செலவு ஒரு சதமும் இல்லை. அத்தோடு மிஸ் சொன்ன அளவில் வெட்டுத்துணிகளை மடித்து அவனுக்கு ஒரு வயிற்றுப் பட்டியும் தைத்தேன். சலம் வரும் இடத்தை மூடி, முதுகில் முடிச்சுப் போடுவது. சட்டை போட்ட நாய் என்று பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், இரவில் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் தோல் புண்ணாகும். நோயைத் தீர்க்காது, ஆனால் அந்த மார்கழியில் மிச்சச் சீருடைகளைக் காப்பாற்றியது அதுதான்.

இத்தனைக்குப் பிறகும் வெளியிலே பிரச்சினை தீரவில்லை. பக்கத்து வளவு அக்கா குடும்பம் அந்த வருட நடுப்பகுதியில்தான் மெனிக் பாமிலிருந்து வந்து குடியேறியது. அவர்களும் ஒரு கடுவனை வளர்த்தார்கள். இரண்டு வளவுக்கும் நடுவே முட்கம்பி மூன்று வரிதான். இவன் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம், விடிய விடிய வேலி நீளத்துக்கு ஓட்டமும் குரைப்பும். ஒவ்வொரு கதியாலிலும் இவன் விட்டுவிட்டுப் போக அவன் வந்து விடுவான். ஜிம்மி விறாந்தைக்குள் அடிக்கத் தொடங்கிய காலமும் அவர்கள் வந்த காலமும் ஒன்று என்பது கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நாய்ச் சண்டை பிறகு எங்கள் சண்டையானது. "உங்கட நாய்தான் தொடங்கினது" என்று அவ, "உங்கட நாயைக் கட்டுங்கோவன்" என்று நான். ஒரே குளத்துத் தண்ணீர், ஒரே பங்கருக்குள் இருந்த ஆட்கள். ஒரு மாதம் முகம் பார்க்கவில்லை.

ஒருநாள் இரண்டும் கம்பிக்குள்ளால் புகுந்து கவ்விக்கொண்டன. என் மூத்தவள் ஓடிப்போய்க் கையால் பிரித்தாள். எந்த நாய் கடித்தது என்றுகூடத் தெரியவில்லை. உள்ளங்கையில் இரண்டு பல். ஓடி வந்தது பக்கத்து அக்காதான். கிணற்றடிக்கு இழுத்துப் போய், சவர்க்காரம் போட்டு, தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கால் மணித்தியாலம் கழுவினா. ஆஸ்பத்திரிக்கும் அவதான் சைக்கிளில் ஏற்றிப் போனா. அவவின் நாய்க்கு ஊசி போட்டிருக்கவில்லை என்பதால் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டார்கள். நாய்கள் இரண்டையும் கட்டிவைத்துக் கவனிக்கச் சொன்னார்கள். விசர்நாய்க்கடி நோய் வந்துவிட்டால் ஆளைக் காப்பாற்ற முடியாதென்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கழுவுவதும் ஊசியும் நேரத்துக்கு நடந்தால் வராமல் தடுக்கலாம். கடிகாயத்தில் கோப்பித்தூளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். சண்டை பிடிக்கும் நாய்களை ஒருபோதும் கையால் பிரிக்கவும் வேண்டாம். ஒரு வாளி தண்ணீரை முகத்தில் ஊற்றுங்கள், அல்லது நடுவில் ஒரு பலகையை நுழையுங்கள்.

ஆஸ்பத்திரி வாங்கிலில் இருந்துகொண்டு அக்காவும் நானும் ஒரு முடிவுக்கு வந்தோம். முதலில் வேலி. பனையோலை வெட்டி, இருவரும் சேர்ந்து இரண்டு நாளில் அந்தப் பக்கம் முழுவதும் அடைத்தோம். ஒன்றையொன்று காணாவிட்டால் பாதிக் குரைப்பு இல்லை என்று மிஸ் சொன்னது அப்படியே நடந்தது. தெருவால் போகிறவரைக் குரைத்துக் கலைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தபாற்காரர் தன் வழியில் போகிறார். நாயோ தான் குரைத்ததால்தான் அவர் ஓடிப்போனார் என்று நினைக்கிறது. ஒவ்வொரு நாளும் வெற்றி. அதனால் ஒவ்வொரு நாளும் கூடக் குரைக்கும். படலையடியில் சங்கிலியில் கட்டிவைத்தால் மூர்க்கம் இன்னும் கூடும். தைக்க ஆட்கள் வரும் நேரத்தில் ஜிம்மியைக் கோடிப்புறத்தில் விட்டு, வந்தவர்கள் கையால் ஒரு துண்டு ரொட்டி எறியச் செய்தோம். இரண்டு மாதத்தில், ஆள் வந்தால் ரொட்டி வரும் என்று வாலாட்டப் பழகினான். இரவில் தெரியாத ஆள் வந்தால் குரைப்பதை அவன் விடவில்லை.

அடுத்தது நலமடிப்பது. இதற்கு வீட்டில் பெரும் எதிர்ப்பு. "வாயில்லாச் சீவன்ரை பாவம் பிள்ளை, எங்களைச் சும்மா விடாது" என்றா மாமி. காவல் காக்க மாட்டான், சோம்பேறியாவான் என்றார்கள் ஊரவர்கள். மிஸ் ஒளிக்காமல் சொன்னார்: பத்து நாயில் ஐந்து, ஆறுக்குச் சலம் அடிப்பது நன்றாகக் குறையும், சிலதுக்குக் கொஞ்சம் குறையும், சிலதில் மாற்றமே தெரியாது. பெட்டையைத் தேடி அலைவது அதைவிடக் கூடுதலாகக் குறையும். பயத்தில் கடிக்கும் நாய்க்கு இது மருந்தல்ல. வீட்டைக் காக்கும் குணம் போகாது. நடமாடும் முகாம் வந்தபோது, 2013 பங்குனியில், இரண்டு நாயையும் ஒரே லான்மாஸ்ரரில் ஏற்றிக்கொண்டு போனோம். பத்து நாள் காயத்தை நக்கவிடாமல் பார்த்ததுதான் கஷ்டம். கழுத்துக்குப் பழைய பிளாஸ்ரிக் வாளியின் அடியை வெட்டி மாட்டினோம். உடனே மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம். பழக்கம் குறைய வாரக்கணக்காகும். முதற் சில கிழமைகளில் பெட்டையோடு சேர்ந்தால் குட்டியும் உண்டாகலாம்.

ஆனி மாதமளவில் விறாந்தைக்குள் அடிப்பது நின்றது. வெளியில் முற்றாக நிற்கவில்லை. படலையடிப் பூவரசங் கதியாலை அவனுக்கென்று விட்டுவிட்டோம். காலையும் மாலையும் அதற்கு ஒரு தரம் போகாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. பக்கத்து அக்கா மற்றப் பக்கத்துக் கதியாலை அவவின் நாய்க்கு விட்டா. தைப்பதற்கு ஆட்கள் திரும்பி வர அடுத்த மார்கழி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலில் வந்தவர், நான் புதுத் துணி வாங்கிக் கொடுத்த அந்த மா இடிக்கும் தாய். அவ சொல்லித்தான் மற்றவர்கள் வந்தார்கள்.

ஜிம்மி 2022இல் வயது முதிர்ந்து செத்தான். கோடிப்புறத்தில் தாட்டோம். இப்போது எங்களிடம் இருப்பவனுக்கு ஏழு மாதம். சீமெந்து விறாந்தையில் இன்னும் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் போன கிழமை படலையடியில், ஜிம்மியின் அதே கதியாலை நெடுநேரம் மோந்துவிட்டு, முதற்தடவையாகக் காலைத் தூக்கினான். தூக்கத் தெரியாமல் விழப் பார்த்தான். மறுநாளே மிருக வைத்தியரின் அலுவலகத்துக்குப் போய் அவனுடைய பெயரைப் பதிந்துவிட்டு வந்தேன்.